வலிப்பு நோய் இல்லை என்றால், தங்கைக்கு ஏன் வலிப்பு வருகிறது?

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தங்கைக்கு 20 வயது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஒன்றரை வருடமாக வலிப்பு வருகிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன், மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எல்லாம் நார்மல். இரண்டு வகை மாத்திரை சாப்பிட்டும் குறையவில்லை. இப்போது வேறொரு நரம்பியல் மருத்துவர் வீடியோ இ.இ.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, "இது வலிப்பு நோய் இல்லை, மனம் சம்பந்தப்பட்டது, சைக்கியாட்ரிஸ்ட்டைப் பாருங்கள்" என்று அனுப்பியிருக்கிறார். இதற்கு மனரீதியான காரணங்கள் என்னென்ன என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி இரண்டு வரியில்தான் உங்கள் உண்மையான கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: அவள் நடிக்கிறாளா, இல்லை நாங்கள் ஏதாவது தப்பு செய்துவிட்டோமா?

நான் மருத்துவ உளவியலாளர். நரம்பியல் பிரிவிலிருந்து இதே குறிப்போடு அனுப்பப்படுகிறவர்களைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். மருந்து எழுதுவது என் வேலை இல்லை. உங்கள் தங்கையை நான் பார்த்ததும் இல்லை. அதனால் அவளுக்கு இதுதான் காரணம் என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன். இந்த நிலையைப் பற்றி உறுதியாகத் தெரிந்ததையும், இன்னும் விவாதத்தில் இருப்பதையும் பிரித்துச் சொல்கிறேன்.

முதல் விஷயம், இது நடிப்பு இல்லை. வேண்டுமென்றே வலிப்பு வந்ததுபோல் நடிப்பவர்கள் உலகத்தில் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் மிகக் குறைவு, அது வேறு பிரச்சினை. உங்கள் தங்கைக்கு எழுதியிருக்கும் பி.என்.இ.எஸ். (மனம் சார்ந்து வரும், வலிப்பு நோய் அல்லாத வலிப்பு) என்ற நோயின் வரையறையிலேயே, இது அவரவர் விருப்பப்படி வருவதோ நிற்பதோ இல்லை என்பது அடங்கியிருக்கிறது. இப்போது பலர் இதை ஃபங்ஷனல் சீஷர், டிசோசியேட்டிவ் சீஷர் என்றும் எழுதுகிறார்கள். வேறு பெயரைப் பார்த்தால் வேறு நோய் என்று பயப்பட வேண்டாம். கையில் பல்லி விழுந்தால் யாரும் யோசித்துவிட்டுக் கையை உதறுவதில்லை. உதறுவது நம் கைதான், ஆனால் நாம் முடிவெடுத்து உதறவில்லை. இந்த வலிப்பும் அந்த வகை. ஒரு குறிப்பிட்ட நிலை வந்ததும் உடம்பு தானாகவே ஓடிவிடுகிற ஒரு வரிசை அது.

வலிப்பு நோயில் மூளையின் நரம்பணுக்கள் கட்டுப்பாடில்லாமல் ஒரேயடியாக மின்சாரத்தை வெளியிடுகின்றன. அந்த நேரத்தில் இ.இ.ஜி. எடுத்தால் அது பெரும்பாலும் திரையில் தெரியும். வீடியோ இ.இ.ஜி. வார்டில் தலைமுடியைப் பிரித்துப் பிரித்துப் பசை தடவி இருபதுக்கும் மேற்பட்ட கம்பிகளை ஒட்டி, மேலே துணி சுற்றிவிடுவார்கள். எதிரே கேமரா இருக்கும். அம்மாவோ அக்காவோ ஒரு பட்டனைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். வலிப்பு வந்ததும் அழுத்த வேண்டும். அப்படிப் பதிவான படத்தைப் பார்த்தால் திரையின் இடப்பக்கம் உடம்பு தூக்கிப் போடுகிறது, கூப்பிட்டால் பதில் இல்லை. வலப்பக்கம் அலைகளில், உடம்பு ஆடுவதால் வரும் கிறுக்கல்களுக்கு நடுவே, கண்மூடி விழித்திருக்கும் ஒருவருக்கு இருக்கவேண்டிய சாதாரண ஆல்ஃபா அலைகள் ஓடிக்கொண்டிருக்கும். மயங்கிக் கிடப்பதாகத் தெரிகிற ஆளின் மூளை விழித்திருக்கும்போது காட்டுகிற அலைகளையே காட்டுகிறது. இந்தப் படத்தைக் குடும்பத்துக்கும் காட்டிவிட வேண்டும் என்பது என் கருத்து. வாயால் சொல்வதைவிட அது நன்றாகப் புரியும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வலிப்பு வராத நேரத்தில் எடுத்த இ.இ.ஜி. நார்மல் என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வலிப்பு நோய் உள்ள பலருக்கும் நடுவில் எடுத்தால் நார்மலாகத்தான் வரும். வலிப்பே வராத சிலருக்கு இ.இ.ஜி.யில் சின்ன மாறுதல் தெரிவதும் உண்டு, அதைப் பார்த்து வருடக்கணக்கில் மாத்திரை கொடுத்துவிடுவதும் நடக்கிறது. வலிப்பு வரும்போதே பதிவு செய்வதுதான் கணக்கு. ஆகவே மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்: வார்டில் பதிவானது வீட்டில் வழக்கமாக வருகிற அதே வலிப்புதானா? இரண்டு விதமாக வருகிறது என்றால் இரண்டும் பதிவாகியிருக்கிறதா? ஏனென்றால் இந்த நிலை உள்ளவர்களில் சிலருக்கு நிஜமான வலிப்பு நோயும் கூடவே இருக்கும். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அப்படி. வீட்டில் செல்போனில் எடுத்த வீடியோ இருந்தால் கொண்டுபோங்கள், அது உண்மையிலேயே உதவும்.

கண்ணை இறுக மூடிக்கொள்வது, தலை இடமும் வலமுமாக ஆடுவது, விட்டுவிட்டு நீண்ட நேரம் வருவது, நடுவில் அழுவது, இவையெல்லாம் இந்த வகை வலிப்பில் அதிகம். வலிப்பு நோயில் பெரும்பாலும் கண் திறந்திருக்கும், நாக்கின் பக்கவாட்டில் கடிபடும், இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் இதில் எந்த ஒரு அடையாளமும் தனியாகப் போதாது. மூளையின் முன்பகுதியிலிருந்து கிளம்பும் வலிப்பு பார்க்கவே விசித்திரமாக இருக்கும், அதை நடிப்பு என்று தள்ளிவிட்டவர்களும் உண்டு. கீழே விழுந்து அடிபடுவதும், சிறுநீர் போய்விடுவதும் இரண்டிலும் நடக்கும். "அடிபடாமல் விழுகிறாள், அதனால் நாடகம்" என்று உங்கள் சித்தப்பா சொல்வதை விட்டுவிடுங்கள்.

சரி, காரணத்துக்கு வருகிறேன். இந்தக் கேள்விக்கு நூற்றைம்பது வருடத்துக்கு நெருக்கமான வரலாறு இருக்கிறது. பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் 1870-களில் ஷார்கோ என்ற நரம்பியல் மருத்துவர் இப்படிப்பட்ட வலிப்புகளை வருடக்கணக்கில் கவனித்து வகைப்படுத்தினார். அவரிடம் 1885-86-இல் சில மாதங்கள் இருந்துவிட்டுப் போன ஃப்ராய்ட், அடக்கிவைத்த நினைவுதான் உடம்பில் வெளிப்படுகிறது என்ற பக்கம் போனார். ஃப்ரெஞ்சு உளவியலாளர் பியர் ஜானே, பெரும் அதிர்ச்சியில் பிரக்ஞையின் ஒரு பகுதி தனியாகப் பிரிந்துகொள்கிறது என்றார். ஃப்ராய்டின் பாணி பரவலாகப் போனதால், இன்றைக்கும் "ஏதோ ஒரு ரகசியம் உள்ளே இருக்கிறது, அதைத் தோண்டி எடுத்தால் சரியாகிவிடும்" என்ற எண்ணம் மக்களிடம் மட்டுமல்ல, மருத்துவர்கள் சிலரிடமும் இருக்கிறது. பலருடைய விஷயத்தில் அது பொருந்தவில்லை. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: ஒரே ஒரு காரணத்தைத் தேடாதீர்கள். இந்த நிலைக்கு ஆளாகும்படி முன்பே இருந்தவை, முதல் வலிப்பைக் கிளப்பிவிட்டது, அதற்குப் பிறகு அது நிற்காமல் தொடரச் செய்வது, இந்த மூன்றும் பெரும்பாலும் வேறு வேறாக இருக்கும்.

முன்பே இருந்தவை என்று எடுத்தால், சிறு வயதில் பாலியல் கொடுமை, அடி உதை, புறக்கணிப்பு ஆகியவற்றை அனுபவித்தவர்கள் இந்தக் கூட்டத்தில் மற்றவர்களைவிட அதிகம். இது பல நாடுகளின் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிகிறது. ஆனால் எத்தனை சதவீதம் என்பது ஆய்வுக்கு ஆய்வு பெரிதாக மாறுகிறது, அப்படி எதுவுமே நடக்காதவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். இதனால்தான் 2013-இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம். என்ற மனநோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில், நோயை உறுதி செய்ய மன அழுத்தக் காரணம் ஒன்று இருந்தே ஆகவேண்டும் என்ற பழைய நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். பதற்ற நோய், மனச்சோர்வு, தலையில் அடிபட்டது, அறிவுத்திறன் வளர்ச்சிக் குறைபாடு, வீட்டில் வேறு யாருக்கோ வலிப்பு வந்து பார்த்தது, இவையும் முன்காரணங்களில் சேரும். பெண்களுக்கு அதிகம், ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் பெண்கள். ஏன் என்பதற்கு ஒத்துக்கொள்ளப்பட்ட ஒரே விளக்கம் இல்லை. பெண்கள் மீது நடக்கும் வன்முறை ஒரு பகுதியை விளக்கலாம், முழுவதையும் விளக்கவில்லை. போரிலிருந்து திரும்பிய ஆண்களிடமும் இது நிறையக் காணப்படுகிறது.

கிளப்பிவிடும் சம்பவம் பல சமயம் மனம் சம்பந்தப்பட்டதே இல்லை. ஒருவருடைய கதையை, யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்க்கிற பெண், கல்யாணமாகி ஒரு குழந்தை. ஒரு மே மாதம் காலையில் சாப்பிடாமல் வேலைக்குப் போனவர், நின்றுகொண்டிருக்கும்போதே கண் இருட்டி விழுந்தார். சாதாரண மயக்கம்தான். மயக்கத்திலும் கை கால் நாலைந்து முறை இழுக்கும், அது பலருக்குத் தெரியாது. சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார், இன்னொருவர் "காக்கா வலிப்பு" என்று சத்தம் போட்டார். கண் விழித்தபோது அவர் காதில் விழுந்த முதல் வார்த்தை அதுதான். அன்று மாலையே மாத்திரை ஆரம்பமானது. இரண்டு வாரம் கழித்து, கம்பெனி வேனில் நெரிசலில் வரும்போது காது அடைத்தது, உள்ளங்கை வியர்த்தது, விரல் நுனி மரத்தது, பக்கத்தில் இருப்பவர்கள் பேசுவது தூரத்தில் கேட்டது. அப்புறம் எதுவும் நினைவில்லை. அந்த வலிப்பு இருபது நிமிடம் நீடித்ததாம். இந்த முறை மயக்கம் இல்லை, வெயில் இல்லை, பட்டினி இல்லை.

அவரிடம் தோண்டி எடுக்க ரகசியம் எதுவும் இருக்கவில்லை. முந்தைய வருடம் அப்பா இறந்திருந்தார். மூன்று நாள் லீவில் போய், வந்தவர்களுக்குச் சாப்பாடு பரிமாறி, கணக்குப் பார்த்து, நான்காம் நாள் மெஷினில் உட்கார்ந்துவிட்டார். தைரியசாலி என்று எல்லோரும் மெச்சினார்கள். பயமாக இருந்ததா என்று கேட்டால், "பயமெல்லாம் இல்லைங்க, உடம்புதான் ஒரு மாதிரி ஆகும்" என்பார். இந்தப் பதிலை நான் அடிக்கடி கேட்கிறேன். பதற்றத்தில் உடம்புக்கு என்னென்ன ஆகுமோ அத்தனையும் ஆகிறது, பயம் என்ற உணர்வு மட்டும் எட்டுவதில்லை. பயத்தை உணராத பதற்றம் என்று இதை ஆராய்ச்சியாளர்கள் விவரிக்கிறார்கள். உடம்பின் கொதிநிலை ஏறி, தாங்க முடியாத எல்லைக்கு வந்ததும், வலிப்பு வந்து எல்லாவற்றையும் துண்டித்துவிடுகிறது. துண்டித்ததும் கொதிநிலை இறங்குகிறது. அந்த இறக்கம் ஒரு நிம்மதி. நினைவில்லாவிட்டாலும் உடம்பு அதைக் கற்றுக்கொள்கிறது, அடுத்த முறை இன்னும் சீக்கிரமாக அதே வழியை எடுக்கிறது.

இந்த விளக்கத்தில் எவ்வளவு உறுதி? வலிப்புக்கு முன்னால் உடம்பில் பதற்ற அறிகுறிகள் வருவதைப் பலர் சொல்கிறார்கள், அதற்கு அளவீட்டு ஆதாரங்களும் இருக்கின்றன. உடம்பு "கற்றுக்கொள்கிறது" என்ற பகுதி ஒரு நல்ல மாதிரி, சிகிச்சைக்குப் பயன்படுகிறது, ஆனால் ஒவ்வொருவருக்கும் இப்படித்தான் நடக்கிறது என்று நிரூபிக்கப்படவில்லை. உணர்ச்சியையும் அசைவையும் கையாளும் மூளைப் பகுதிகளுக்கிடையே தொடர்பு மாறியிருப்பதாகச் சில ஸ்கேன் ஆய்வுகள் சொல்கின்றன. அவை சிறிய ஆய்வுகள். ஸ்கேனை வைத்து இந்த நோயைக் கண்டுபிடிக்கும் நிலை இன்றைக்கு இல்லை.

மூன்றாவது, தொடரச் செய்வது. குடும்பம் எதையாவது மாற்ற முடியும் என்றால் இங்கேதான். மறுபடி வந்துவிடுமோ என்று உடம்பையே கவனித்துக்கொண்டிருப்பது, லேசான தலைசுற்றலையும் வலிப்பின் ஆரம்பமாக எடுத்துக்கொள்வது. பஸ்ஸில் போக வேண்டாம், தனியாகக் குளிக்க வேண்டாம், காலேஜுக்கு ஒரு செமஸ்டர் லீவு போடு என்று ஒவ்வொன்றாக வாழ்க்கை சுருங்குவது. ஒரு மருத்துவர் வலிப்பு நோய் என்கிறார், இன்னொருவர் ஒன்றுமில்லை என்கிறார், மூன்றாமவர் மாத்திரையைக் கூட்டுகிறார், இந்தக் குழப்பமும் பெரிய எரிபொருள். சரியான நோய் தெரிய மேல்நாடுகளிலேயே சராசரியாக ஏழு வருடம் ஆகிறது என்று ஒரு ஜெர்மன் ஆய்வு சொன்னது. ஒன்றரை வருடத்தில் உங்களுக்குத் தெரிந்தது நல்லதுதான். அப்புறம், கவனம் கிடைப்பதற்காகச் செய்கிறாள் என்று சிலர் சொல்வார்கள். வலிப்பு வந்தால் வீட்டில் சண்டை நிற்கிறது, எல்லோரும் ஓடி வருகிறார்கள் என்பது உண்மையாக இருக்கலாம். அது தொடர்வதற்கு ஒரு சிறிய காரணமாகவும் இருக்கலாம். ஆனால் அவள் அதற்காகத் திட்டமிடுகிறாள் என்று அர்த்தம் இல்லை. குற்றம் சாட்டினால் வலிப்பு அதிகமாகும், இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. நீங்கள் தப்பு செய்தீர்களா என்பதை இந்த நோயை வைத்துச் சொல்ல முடியாது. தயவுசெய்து அவளை உட்காரவைத்து "யாராவது ஏதாவது செய்தார்களா, சொல்லு" என்று விசாரிக்காதீர்கள். எதுவும் இல்லையென்றால் சந்தேகப்பட்டது வலிக்கும், இருந்தால் தயாராவதற்கு முன்பே வாயைத் திறக்க வைத்ததாகிவிடும். சிகிச்சை தருபவர் அவளிடம் தனியாகப் பேசவேண்டும். அப்போது வெளியே காத்திருங்கள், வந்ததும் என்ன சொன்னாள் என்று கேட்காதீர்கள்.

வலிப்பு வரும்போது செய்ய வேண்டியது குறைவுதான். தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வையுங்கள், இடிக்கக்கூடிய பொருள்களை நகர்த்துங்கள், கூட்டத்தை வெளியே அனுப்புங்கள். கை காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள், பிடித்தால் பெரும்பாலும் நீளும். இரும்பு, சாவி, வெங்காயம், முகத்தில் தண்ணீர் எதுவும் வேண்டாம், வாயில் எதையும் ஊற்றவே கூடாது. ஒரே ஆள், தாழ்ந்த குரலில், "நீ வீட்டில்தான் இருக்கிறாய், நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்று சொன்னால் போதும். வழக்கத்துக்கு மாறாக வந்தால், மூச்சு சரியில்லாவிட்டால், உதடு நீலமானால், பலமாக அடிபட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். வீடியோ இ.இ.ஜி. அறிக்கையின் நகலை எப்போதும் கையில் வைத்திருங்கள். நீண்ட வலிப்பைப் பார்த்து அவசரப் பிரிவில் ஊசிமேல் ஊசி போட்டு, அந்த மருந்தாலேயே மூச்சு அடங்கி, குழாய் வைக்கும் நிலைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று விட்டால் நிஜமான வலிப்பே வந்துவிடலாம், குளோபசாம், ஃபீனோபார்பிட்டோன் போன்ற வலிப்பு மாத்திரைகளில் இது முக்கியம். வலிப்பு நோய் இல்லை என்று உறுதியானால் நரம்பியல் மருத்துவரே படிப்படியாகக் குறைப்பார். அவள் சாப்பிடுவதில் சோடியம் வால்ப்ரோயேட் இருந்தால் இன்னும் அழுத்திக் கேளுங்கள். கர்ப்பத்தில் குழந்தையைப் பாதிக்கக்கூடிய மருந்து அது, தேவையில்லாமல் ஓர் இளம்பெண் அதைத் தொடரக் கூடாது.

சிகிச்சை என்பது பேச்சு. நல்ல முறையில், திட்டமிட்ட பேச்சு. அந்தத் திருப்பூர்ப் பெண்ணோடு முதலில் செய்தது, வலிப்புக்கு முந்தைய ஒரு நிமிடத்தை வரிசையாக எழுதியதுதான். காது அடைப்பதுதான் முதல் அறிகுறி என்று தெரிந்தது. அது வந்ததும் இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்துவது, மூச்சை இழுப்பதைவிட மெதுவாக விடுவது, சுற்றி இருப்பதில் கண்ணுக்குத் தெரிவதைப் பெயர் சொல்வது, சேலையின் ஜரிகை ஓரத்தை விரலால் உரசிக்கொண்டே இருப்பது என்று பழகினார். பிறகு வேனில் மறுபடி ஏறினார், முதலில் ஒரே ஒரு ஸ்டாப். அப்பாவைப் பற்றிப் பேசியது அதற்கெல்லாம் பிறகு, அவராக ஆரம்பித்தபோது. வலிப்பு முழுதாக நிற்கவில்லை, வெகுவாகக் குறைந்தது, வேலைக்குப் போகிறார்.

பலன் எவ்வளவு என்பதையும் உள்ளபடி சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் 368 பேரை வைத்து நடத்திய கோட்ஸ் என்ற பெரிய ஆய்வு 2020-இல் வெளியானது. இந்த வகைப் பேச்சு சிகிச்சை சேர்த்தவர்களுக்கும், சேர்க்காமல் நல்ல மருத்துவக் கவனிப்பு மட்டும் பெற்றவர்களுக்கும், ஒரு வருட முடிவில் மாதாந்திர வலிப்பு எண்ணிக்கையில் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் வலிப்பில்லாமல் தொடர்ந்து இருந்த நாட்கள், வலிப்பால் படும் அவதி, அன்றாட வாழ்க்கை ஆகியவற்றில் சிகிச்சை பெற்றவர்கள் நன்றாக இருந்தார்கள். நோயை மரியாதையோடு, புரியும்படி விளக்கிய பிறகே வலிப்பு நின்றுபோனவர்களும் உண்டு. வருடக்கணக்கில் தொடருகிறவர்களும் உண்டு. யாருக்கு எது என்று முன்கூட்டிச் சொல்ல என்னால் முடியாது. மனச்சோர்வோ பதற்றமோ கூட இருந்தால் மனநல மருத்துவர் மருந்து கொடுப்பார், அதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

எங்கே போவது என்று கேட்டிருந்தீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எதிலும் மனநலப் பிரிவு இருக்கும், அங்கே ஆரம்பியுங்கள். தனியாரில் பார்ப்பதென்றால், மருத்துவ உளவியலாளர் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவி எண் 14416 இலவசம், தமிழில் பேசலாம். நரம்பியல் மருத்துவரை விட்டுவிடாமல், அவரும் இவரும் ஒருவருக்கொருவர் குறிப்பு எழுதிக்கொள்ளும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு துறைக்கும் நடுவில் விழுந்து காணாமல் போகிறவர்கள்தான் இந்த நோயில் அதிகம் கஷ்டப்படுகிறார்கள்.

பெரியம்மா "கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும்" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகாது. புது வீடு, புது மனிதர்கள், மறைத்து வைத்திருக்கும் ஒரு நோய், வந்துவிடுமோ என்ற பயம், இதெல்லாம் சேர்ந்தால் அதிகமாகத்தான் ஆகும். படிப்பை முடிக்கட்டும். மனநோய் தீரும் என்று பலர் நம்பிப் போகிற குணசீலம் கோவிலுக்கு அம்மா கூட்டிப்போக வேண்டும் என்கிறாரே, அதற்கு நான் தடை சொல்ல மாட்டேன். அவளுக்கும் விருப்பம் இருந்தால் போய் வாருங்கள். மாத்திரை வேளை தவறக் கூடாது, அடிக்கவோ கட்டிவைக்கவோ யாரையும் விடக் கூடாது, மண்டலம் முழுக்கத் தங்குவதென்றால் அந்த 48 நாளில் சிகிச்சைக்கான தேதிகள் தவறிவிடும். ஒரு நாளில் போய்த் திரும்புவதாக அம்மாவிடம் பேசிப் பாருங்கள்.